நாட்டுக்கோழிக்குக் குடற்புழு: மருந்தைவிட மண்ணைக் கவனியுங்கள்

பெங்களூருவில் மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை கொல்லை மண் சரியாகக் காய்வதில்லை. லிங்கராஜபுரம், விவேக் நகர் பக்கம் வீட்டோரச் சந்தில் பத்துக் கோழி மேய்கிற இடம் என்றால் கேட்கவே வேண்டாம். குடற்புழுவின் முட்டைக்கு வேண்டியது அந்த ஈரம்தான்.

எச்சத்தோடு விழும் உருண்டைப்புழு முட்டை உடனே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் 10 முதல் 20 நாளில் தொற்றும் நிலைக்கு வரும், பிறகு மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதைக் கொத்தித் தின்ற கோழியின் குடலில் 5 முதல் 8 வாரத்தில் புழு வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். மருந்து கொடுத்தும் இரண்டு மாதத்தில் மறுபடி புழு வருவது இதனால்தான்.

கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்தி, முட்டை குறைந்தால் உடனே புழு என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தக்கழிச்சலிலும் கோழி இப்படி வாடும், அதற்குப் புழு மருந்து கேட்காது. எச்சத்தில் 5 முதல் 12 சென்டிமீட்டர் நீள வெள்ளைப் புழு கிடந்தால் உருண்டைப்புழு. அரிசி போன்ற துணுக்கு கிடந்தால் நாடாப்புழு. எறும்பு, வண்டு, ஈ தின்று வருவது. மலிவாகக் கிடைக்கும் பைப்பரசின் மருந்து நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது, உருண்டைப்புழுவிலும் வளர்ந்ததை மட்டுமே வெளியேற்றும்.

ஆகவே முதலில் பரிசோதனை. இரவு கூண்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, காலையில் ஐந்தாறு கோழிகளின் புது எச்சத்தை மண் ஒட்டாமல் சிறு டப்பாவில் எடுங்கள். ஐஸ் வைத்து அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்தால் மாதிரி கெடும்.

மருந்தை மருத்துவர் சொல்ல வேண்டும். எடையை நீங்கள் சொல்ல வேண்டும். கிரிராஜா என்ற பெரிய இனக் கோழியும் சிறு நாட்டுக்கோழியும் ஒரே எடை அல்ல, தராசில் நிறுத்துப் பாருங்கள். ஃபென்பெண்டசோல் என்றால் உருண்டைப்புழுவுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம், 5 நாள் என்பது வழக்கமான அளவு. ஒன்றரைக் கிலோவில் பத்துக் கோழிக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். 2.5 சதவீத மருந்தில் 1 மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கும், ஆக 0.6 மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து எடுங்கள். கண்ணளவில் ஊற்றிக் குறைந்துபோனால் தாங்கும் புழு மட்டும் தப்பிப் பெருகும். சாதாரண திரவ மருந்து தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கிவிடும், அதனால் காலைத் தீவனத்தில் 300 கிராமை ஈரமாக்கிக் கலந்து நாலைந்து தட்டில் வையுங்கள். ஒரே தட்டில் வைத்தால் வலுத்த கோழியே தின்றுவிடும். இறகு உதிரும் பருவத்தில் இந்த மருந்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

மருந்து முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி எச்சம் பார்க்க வேண்டும்.

இனி மண். மருந்து நாட்களில் கோழிகளைக் கூண்டிலேயே வைத்து, எச்சத்தைத் தினமும் வாரி மூடிய குழியில் மக்க விடுங்கள். தீவனத்தைத் தரையில் இறைக்கக் கூடாது. கிருமிநாசினி தெளித்து இந்த முட்டையை அழிப்பது கடினம். வெயிலும் மண் காய்வதும்தான் அழிக்கும். இடத்தை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிட்டு, மேயாத பாதியைக் கொத்திக் காயப்போடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத் தாய்க்கோழிகள் மேய்ந்த மண்ணில் விடாதீர்கள். புழுவுக்கு முதலில் பலியாவது அவைதான்.

குழந்தைக்குப் பூச்சி வந்ததும் கோழியைக் குற்றம் சொல்வார்கள். கோழியின் உருண்டைப்புழு மனிதருக்குத் தொற்றாது. எப்போதாவது முட்டைக்குள்ளேயே புழு இருக்கும், அந்த முட்டையைக் கொட்டிவிடலாம். ஆபத்து வேறு வழிகளில் வருகிறது. எச்சத்தில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம்: கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். நாய் எச்சம் கலந்த மண்ணைக் கொத்தும் கோழியின் ஈரலில் நாய்ப்புழுவின் இளம்புழு தங்கலாம், பூனை எச்சத்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். அதனால் ஈரல் உள்ளே சிவப்பு மாறும்வரை, 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை வேக வேண்டும். கர்ப்பிணிகள் அரைவேக்காட்டைத் தொடவே கூடாது. வீட்டு நாய்க்கும் குடற்புழு நீக்கம் செய்யுங்கள்.

மருந்து கொடுக்கும் கோழியின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு முட்டை விற்பவர்கள் இதில் ஒரு நாளும் குறைக்கக் கூடாது.