டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்கு இலக்கு எழுதுவது எப்படி?

1956இல் பிரிட்டனில் தொடங்கிய இந்த விருது இளைஞர்களுக்கானது. திறன், உடற்பயிற்சி, தன்னார்வச் சேவை, சாகசப் பயணம் ஆகிய பிரிவுகளில் இலக்கு வைத்து அதை முடிப்பவர்களுக்குக் கிடைக்கும், இதில் போட்டி கிடையாது. பதினான்கு வயதிலிருந்து சேரலாம், பக்கத்தில் இருப்பவரை முந்த வேண்டியதில்லை, நீங்கள் எங்கே இருந்தீர்கள், எங்கே வந்து சேர்ந்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் இலக்கை எழுதும்போது முதலில் எழுத வேண்டியது இன்றைய நிலையை. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், கடைசியில் முன்னேறினோமா இல்லையா என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

திறன் பிரிவுக்குக் கிடார் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கிடார் கற்றுக்கொள்வேன்’ என்று எழுதினால் அது ஆசை, அவ்வளவுதான். ‘இப்போது எனக்கு மூன்று கார்டு (chord) தெரியும், ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறும்போது விரல் தடுமாறி தாளம் நின்றுவிடுகிறது, மூன்று மாத முடிவில் நான்கு பாடல்களை நிறுத்தாமல் வாசிப்பேன், கடைசி வாரம் நண்பர்கள் முன்னால் வாசித்துக் காட்டுவேன்’ என்று எழுதிப் பாருங்கள். முதல் வாரம் எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடுகிறது, உங்கள் முன்னேற்றத்தைப் பார்த்து உறுதி செய்யும் மதிப்பீட்டாளருக்கும் எதைக் கேட்பது என்று தெரியும்.

அப்புறம் நேரக் கணக்கு. விருதின் முதல் நிலையான வெண்கலத்தில் திறன், உடற்பயிற்சி, தன்னார்வச் சேவை மூன்றுக்கும் குறைந்தது மூன்று மாதம், அதில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் இன்னொரு மூன்று மாதம் கூடுதல். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம். அதாவது மூன்று மாதம் என்றால் பதின்மூன்று மணி நேரம்தான் கையில் இருக்கிறது, அதையும் கடைசி இரண்டு நாளில் மொத்தமாகச் செய்து முடித்துவிட முடியாது, தொடர்ந்து செய்ய வேண்டும். இலக்கு அந்தப் பதின்மூன்று மணி நேரத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் ஓடினாலே மூச்சு வாங்குகிறவர் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடுவது என்று வைக்கலாம், மாரத்தான் வேண்டாம். இப்போதே சுலபமாக ஐந்து ஓடுகிறவருக்கு அதே ஐந்து இலக்கே இல்லை, அவர் நேரத்தைக் குறைக்கப் பார்க்கட்டும்.

சேவைப் பிரிவில்தான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். ‘ஒரு சிறுவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்து அவனை முதல் மாணவனாக்குவேன்’ என்று எழுதுவது நல்ல மனசுதான், ஆனால் அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை எழுதுங்கள்: வாரம் தவறாமல் போவது, போகும் முன் அன்றைய பாடத்தைத் தயார் செய்வது, அவன் எந்த எழுத்தில் திக்குகிறான் என்று குறித்து வைத்து அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குவது. மணிக்கணக்கை நிரப்புவதற்காக மட்டும் சேவைக்குப் போகாதீர்கள், எதிரில் இருக்கிறவருக்கு அது கட்டாயம் தெரியும்.

சாகசப் பயணம் குழுவாகப் போவது, வெண்கலத்தில் இரண்டு பகல் ஓர் இரவு. அங்கே இலக்கைத் தனியாக எழுத வேண்டாம், குழுவாக உட்கார்ந்து எதைத் தேடிப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

பாதியில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டால், பயிற்சியாளர் ஊர் மாறிவிட்டால் என்ன செய்வது? இலக்கை மாற்றலாம், தப்பே இல்லை. விருதுக்கு உங்களை வழிநடத்தும் விருதுத் தலைவரிடம் உடனே சொல்லி, ஏன் மாற்றினீர்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். பதிவு என்றதும் ஒன்று: ‘இன்று பயிற்சி செய்தேன்’ என்று வாராவாரம் எழுதினால் பிறகு படிக்க அதில் ஒன்றும் இருக்காது. எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அடுத்த முறை என்ன மாற்றப் போகிறீர்கள் என்று இரண்டு வரி போதும்.

எழுதி முடித்ததும், தொடங்கும் முன்பே அதை மதிப்பீட்டாளரிடம் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இதை நான் முடித்துவிட்டேன் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?’ அவர் யோசித்துத் தயங்கினால் இலக்கு இன்னும் தெளிவாகவில்லை, அங்கேயே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து திருத்திவிடுங்கள்.