வளைவுக்குள் பிரேக்: இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளையர்கள் சிங்கப்பூரின் ஃபேபர் மலையிலிருந்து இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நேர்ச்சாலையில் அம்பாகப் பாய்ந்தவர்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக்கை இறுகப் பிடித்தார்கள். ஒருவருடைய பின்சக்கரம் ஒரு சாண் அளவுக்கு வழுக்கி, எப்படியோ மீண்டது. கீழே வந்ததும், "செம திரில்லு அண்ணே!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மலையில் அதே தவற்றைச் செய்து, வலது காறை எலும்பை முறித்துக்கொண்டவன் நான்.

தலைக்கவசம் அணியுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சாலையில் ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் 2019 பிப்ரவரி முதல் கட்டாயம். மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரிந்தவர்களும் செய்யும் தவறுகளைப் பற்றியதே இக்கட்டுரை.

சிங்கப்பூரில் இறக்கம் என்பது அரிய பண்டம். ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். ஃபேபர் மலை ஏறத்தாழ 105 மீட்டர். மூச்சிரைக்க ஏறியதற்குக் கிடைக்கும் பரிசு ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால், அந்த நேரத்திற்குள் கிடைக்கும் வேகத்தையெல்லாம் அனுபவித்துவிட வேண்டும் என்ற ஆசை எழுகிறது. காதில் காற்று இரைவதும், கண்ணோரம் நீர் கசிவதும், கால் மிதிக்காமலேயே வண்டி பறப்பதும் எனக்கும் பிடித்தவைதாம். ஆனால், இறக்கம் குறுகியது என்பதால் பழக்கமும் குறைவாகவே கிடைக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரேக் இல்லாத வண்டி

2021 செப்டம்பர் 1 முதல் பொதுச் சாலையிலும் பாதையிலும் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது இருக்க வேண்டும் என்பது சட்டம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

வளைவுக்குள் பிரேக் பிடிப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். எரிச்சலுக்குக் காரணம், இதைச் செய்பவர் தாம் எச்சரிக்கையாக இருப்பதாகவே நம்புகிறார். வேகம் அதிகம் என்று பட்டதும் பிரேக் பிடிப்பது நியாயம்தானே என்று கேட்கிறார். நியாயம்தான், ஆனால், இடம் தவறு.

சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு பரப்பு மட்டுமே. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் தேவையான பிடிமானம் முழுவதும் அங்கிருந்துதான் வர வேண்டும். சாய்ந்து திரும்பும்போது அதில் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், அந்த நேரத்தில் முன்பிரேக்கை அழுத்தினால் மிச்சமிருப்பதும் போய், முன்சக்கரம் நழுவிவிடலாம். அப்படி நழுவினால் மீள்வது மிகவும் அரிது. நழுவாவிட்டாலும் வண்டி நிமிர்ந்துகொண்டு, வளைவை விட்டு நேரே எதிர்த்தடத்தை நோக்கிப் போகும். பின்பிரேக் பத்திரம் என்று நினைப்பதும் வீண். பிரேக் பிடித்தவுடன் உடல் எடை முன்னே சரிவதால் பின்சக்கரம் இலேசாகி, எளிதில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

வேகத்தின் கணக்கையும் நம் மனம் குறைத்தே மதிப்பிடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 36 கிலோமீட்டரில் எடுத்தால், தேவைப்படும் பக்கவாட்டுப் பிடிமானம் 44 விழுக்காடு கூடுகிறது. ஆறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. இடப்பக்கம் திரும்பும் வளைவில் பாதி தூரம் போன பிறகு, எதிரே ஏறி வந்த டாக்சியின் விளக்கைக் கண்டு பின்பிரேக்கைப் பிடித்தேன். டாக்சி தன் தடத்தில் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. என்னால் அந்த வளைவை முடித்திருக்கவும் முடியும். பின்சக்கரம் ஈர இலைகளின்மேல் ஒரு பக்கமாக நழுவியது. மறுபடி பிடி கிடைத்த நொடியில் வண்டி என்னை வலப்பக்கமாகத் தூக்கி எறிந்தது. தலைக்கவசத்தின் வலப்பக்க நுரை அப்பளம்போல் நொறுங்கியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். சோறு ஊட்டிவிட்ட அம்மா, "ஏறத்தானேடா கஷ்டம்? இறங்க என்னடா அவசரம்?" என்று வேளைக்கு ஒரு முறை கேட்டார்.

செய்ய வேண்டியது எளிது; பழக்கம்தான் கடினம். வளைவு தொடங்குமுன், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சீராக அழுத்தி வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் கைகள் இருந்தால் விரல்களுக்கு வலுவும் கிடைக்கும், உடலும் தாழ்ந்திருக்கும். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு, வளைவுக்கு வெளிப்பக்கம் உள்ள மிதிகட்டையைக் கீழே இறக்கி, அதன்மேல் எடையை ஊன்றித் திரும்ப வேண்டும். நான் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அதைத் தாண்டும்போது என் விரல்கள் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது கணக்கு. கம்பத்தைத் தாண்டிய பின்பும் அழுத்தத் தோன்றினால், அடுத்த முறை இன்னும் முன்னதாகவே பிரேக் பிடிக்கத் தொடங்குவேன்.

பள்ளத்தைப் பார்ப்பது

கண் போகும் இடத்திற்கே வண்டியும் போகும். ஓரத்து வடிகால் மூடியைப் பார்த்துப் பயந்தவர் அதன்மேலேயே ஏறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

காணொளி வீரர்களைப் போல் இறங்குவது

அவர்கள் சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துவது, போட்டிக்காக அது மூடப்பட்டிருப்பதால். நமக்கு எதிரே பேருந்து வரும். இருக்கையை விட்டு வண்டியின் மேல்குழாயில் குந்திக்கொண்டு இறங்குவதை அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் 2021இல் போட்டி வீரர்களுக்கே தடை செய்துவிட்டது.

மழை விட்டதும் கிளம்புவது

நம் ஊர் மழை சட்டென்று கொட்டிச் சட்டென்று ஓய்கிறது. சாலை அப்படிக் காய்வதில்லை. ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பான ரிம்மைப் பிடிக்கும் பிரேக்) உள்ள வண்டியில், ஈரத்தைத் துடைத்தெடுப்பதற்கே சக்கரம் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். அதுவரை பிரேக் பிடித்தும் பிடிக்காததுபோல் இருக்கும். சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, உதிர்ந்த இலை ஆகிய மூன்றின்மேலும் சாய்ந்தபடி போகாதீர்கள்.

பூங்கா இணைப்புப் பாதைச் சரிவு

வேக வரம்பு 25 கிலோமீட்டர். பிள்ளைகள் நடக்கும் இடம்.

நீண்ட மலையில் பிரேக்கை விடாமல் பிடிப்பது

இது இங்கே பழகியவர்கள் மலேசியாவுக்குப் போய்ச் செய்யும் தவறு. ஃபேபர் மலையில் உச்சியிலிருந்து அடிவாரம்வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. மலேசியாவின் கெந்திங் மலை 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே அப்படி இறங்கினால் ரிம் சூடேறி, உள்குழாய் வெடிக்கும் அபாயம் உண்டு. சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் சூடு மிஞ்சினால் வலுவிழக்கும். சற்று வேகம் கூட விட்டு, அழுத்திக் குறைத்து, மறுபடி விட்டு, இடைவெளி கொடுத்தே பிடிக்க வேண்டும். கை வலித்தாலோ, கருகும் வாடை வந்தாலோ ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்; ஆறும்வரை ரிம்மையோ டிஸ்க்கையோ விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சூட்டுக் கொப்புளமும் எனக்கு ஒரு முறை வந்திருக்கிறது.