பிங் வருகிறது, பெயர் வரவில்லை: நிகழ்நேர இயங்குதளத்தில் தவிர்க்க வேண்டிய நெட்வொர்க் தவறுகள்

நிகழ்நேர இயங்குதளத்தில் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டிய சாதனங்களுக்கான ஆர்டிஓஎஸ்) ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டை நெட்வொர்க்கில் இணைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஐ.பி. முகவரிக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) அனுப்பினால் பதில் வருகிறது. அதே போர்டைப் பெயரால் தேடினால் ஒன்றும் வருவதில்லை. உடனே பெயர்த்தேடலுக்கான நிரலைப் பிரித்துப் போட்டுப் பிழை தேடுவதுதான் முதல் தவறு. கோளாறு பல நேரங்களில் அதற்கும் கீழே, ஈதர்நெட் வன்பொருளை இயக்கும் டிரைவரில் இருக்கிறது.

தனி சர்வர் இல்லாமல் உள்ளூர் நெட்வொர்க்கிலேயே பெயரைத் தேடும் முறைதான் எம்டிஎன்எஸ். அதன் கேள்வி போர்டின் சொந்த முகவரிக்கு வருவதில்லை, 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரு குழுவுக்குப் பொதுவான முகவரி), யுடிபி 5353 போர்ட்டில் வருகிறது. பல மைக்ரோகன்ட்ரோலர்களின் ஈதர்நெட் வன்பொருள், தன் மேக் முகவரிக்கு (ஈதர்நெட் வன்பொருளின் அடையாள எண்) வரும் ஃபிரேம்களையும் (ஈதர்நெட்டில் செல்லும் தரவுப் பொட்டலங்கள்), எல்லோருக்குமாக வரும் பிராட்காஸ்ட்டையும் மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றை மென்பொருளின் கண்ணில் படாமலே தள்ளிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஐ.பி. முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி பிராட்காஸ்ட்டாகவும் பிங் நேரடியாகவும் வருவதால் அவை மட்டும் தப்பிவிடுகின்றன. எல்டபிள்யூஐபி என்ற சிறிய நெட்வொர்க் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள், மல்டிகாஸ்ட் குழுவில் சேர உதவும் ஐஜிஎம்பி இயக்கப்பட்டிருக்கிறதா, இடைமுகத்தைத் தொடங்கும் இடத்தில் அதற்கான கொடி வைக்கப்பட்டிருக்கிறதா, குழுவின் மேக் முகவரியை வன்பொருள் ஃபில்டரில் சேர்க்கும் செயற்கூறு எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் கம்பைலர் எதுவும் சொல்வதில்லை. ஃபிரேம் வந்து சேரும் இடத்தில் அதன் இலக்கு மேக் முகவரியை அச்சிட்டுப் பாருங்கள். கேள்வி கேபிளில் போவது வயர்ஷார்க்கில் (நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் மென்பொருள்) தெரிந்தும், இங்கே பிராட்காஸ்ட் மட்டுமே வரிசையாக வந்தால், கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

சோதனைக்காக எல்லா மல்டிகாஸ்ட்டையும் திறந்துவிடலாம். அப்படியே களத்துக்கு அனுப்பக் கூடாது. கேமராக்கள் மல்டிகாஸ்ட்டில் வீடியோ அனுப்பும் நெட்வொர்க்கில் அந்தப் போர்டு சிக்கினால், தனக்குத் தேவையே இல்லாத ஃபிரேம்களுக்கான இன்டரப்டுகளிலேயே (நடக்கும் வேலையை நிறுத்தி வரும் வன்பொருள் அழைப்புகள்) அதன் நேரம் கரைந்துவிடும்.

எம்டிஎன்எஸ்ஸையும், உள்ளூர்ப் பெயர்த்தேடலுக்கான இன்னொரு முறையான எல்எல்எம்என்ஆரையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பின்னது 224.0.0.252 முகவரியில், 5355 போர்ட்டில் இயங்குவது. புள்ளியில்லாத ஒற்றைப் பெயருக்கானது. அதை மட்டும் இயக்கிவிட்டு, எம்டிஎன்எஸ்ஸுக்கு உரிய, '.local' என்று முடியும் பெயரைத் தேடினால் போர்டு பதில் சொல்லாது. மேலும், இரண்டும் ஒரே இணைப்புப் பிரிவுக்கு உரியவை. ரவுட்டரைத் தாண்டிப் போவதில்லை.

மேசையில் ஒரு போர்டு இருக்கும்வரை வெளிப்படாத தவறு, மாதிரி நிரலில் இருக்கும் 00:11:22:33:44:55 போன்ற மேக் முகவரியை மாற்றாமல் விடுவது. இரண்டாவது போர்டைச் செருகியதும் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். கேபிளையும் ஸ்விட்சையும் மாற்றிப் பார்த்தே நாள் போய்விடும். பெயரிலும் இதே கவனம் தேவை. பெயரைப் பயன்படுத்தும் முன் 250 மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று முறை விசாரிக்க வேண்டும் என்று எம்டிஎன்எஸ் நெறிமுறை சொன்னாலும், சிறிய நூலகங்களில் சில அதைச் செய்வதில்லை. ஆகவே மேக் முகவரியின் கடைசி இலக்கங்களைப் பெயரோடு சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

டிஎச்சிபி (ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் முறை) வழியாக முகவரி கிடைக்கும் முன்பே பெயரை அறிவித்துவிடுவது இன்னொரு தவறு. முகவரி கிடைத்த பிறகும், கேபிள் கழன்று மீண்டும் இணைந்த பிறகும், முகவரி மாறிய பிறகும் புதிதாக அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றக் கணினிகள் பழைய முகவரியையே, பதிவின் ஆயுளான 120 விநாடிகள் வரை நம்பிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மோட்டார், வால்வு போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு டாஸ்க்குக்குள்ளேயே (இயங்குதளம் தனியாக ஓட்டும் ஒரு வேலை) பெயர்த்தேடலை அழைப்பது. மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓட வேண்டிய சுழற்சி, பதில் வராத ஒரு பெயருக்காக மூன்று விநாடி காத்திருந்தால், மூவாயிரம் சுற்றுகள் தவறிவிடும். மோட்டாரோ வால்வோ அதுவரை கடைசியாக வந்த கட்டளையிலேயே நிற்கும். தேடலைக் குறைந்த முன்னுரிமை கொண்ட தனி டாஸ்க்கில் வைத்து, கிடைத்த முகவரியை மட்டும் கியூ (டாஸ்க்குகளுக்கு இடையே தரவைக் கடத்தும் வரிசை) வழியாகக் கொடுங்கள். அந்தக் கியூவைப் படிக்கும்போது கட்டுப்பாட்டு டாஸ்க்கின் காத்திருப்பு நேரம் பூஜ்யமாக இருக்கட்டும்.