பீக்கிங் வாத்து சாப்பிடப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் உயர்தர ஆசிய ஃபியூஷன் உணவகங்களில் பீக்கிங் வாத்து, அதாவது தோல் மொறுமொறுவென்று வரும்படி சுட்ட சீன வாத்து, பில்லைப் பெரிதாக்கிவிடும். கொடுக்கிற காசில் முக்கால்வாசி அந்தத் தோலுக்குத்தான். அதனால் தோலை மையமாக வைத்தே எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

1. முன்பதிவு

மேசையோடு வாத்தையும் சொல்லி வையுங்கள். தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே காற்றடித்து, கொதிநீர் ஊற்றி, மால்ட்டோஸ் பாகு தடவி, மணிக்கணக்காகக் காயவிட்ட பிறகே சுடுவார்கள். பெய்ஜிங்கில் 1864-இல் தொடங்கிய சுவான்ஜூடெ கடையில் பழமர விறகுத் தீயில் தொங்கவிட்டுச் சுடுவார்கள். முழு வாத்து நான்கு பேருக்குச் சரியாக இருக்கும். இரண்டு பேர்தான் என்றால் அரை வாத்து உண்டா என்று போனிலேயே கேளுங்கள்.

2. உட்கார்ந்ததும்

கேட்காமலே ஈரத்துண்டு, வறுகடலை, தேநீர் வரும். பல இடங்களில் இவையும் பில்லில் ஏறும். வேண்டாததைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10% சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9% ஜிஎஸ்டியும் சேரும். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள வாத்து 119.90 வெள்ளியாகும்.

3. தோல்

மேசைக்குப் பக்கத்திலேயே நின்று வாத்தை அரிவார்கள். படம் எடுப்பதெல்லாம் அப்போதே முடியட்டும். நெஞ்சுப்பகுதித் தோல் மட்டும் தனித்தட்டில் சீனியோடு முதலில் வரும். ஒரு ஓரத்தைச் சீனியில் லேசாக ஒற்றி, உடனே வாயில் போடுங்கள். தோல் நொறுங்கும், கொழுப்பு உருகும், கடைசியில் சீனி மட்டும் பல்லில் நறநறக்கும். சாஸ் வேண்டாம். பேசிக்கொண்டே ஆறவிட்டால் தோல் தொய்ந்துவிடும், பிறகு எதைத் தொட்டாலும் அந்த ருசி திரும்பாது.

சில இடங்களில் தோல்மேல் கேவியர் (உப்பிட்ட மீன் முட்டை) வைத்துத் தருவார்கள், அதற்குக் கூடுதல் காசு. ஈரம் பட்டால் மொறுமொறுப்பு போய்விடும். நான் வாங்கவே மாட்டேன்.

4. சுருட்டுவது

வாத்தைச் சுருட்டிச் சாப்பிட மெல்லிய கோதுமை பேன்கேக் தருவார்கள். ஆவித்தட்டிலிருந்து ஒரு பேன்கேக்கை மட்டும் எடுத்து உடனே மூடுங்கள். திறந்தே கிடந்தால் மற்றவை காய்ந்துவிடும். வெங்காயத்தாளால் சாஸைத் தொட்டு நடுவில் மட்டும் ஒரு கோடு இழுங்கள். அதன்மேல் இரண்டு துண்டு வாத்து, ஒரு குச்சி வெள்ளரி. முதலில் அடிப்பக்கத்தை மடியுங்கள், பிறகுதான் இரு பக்கங்களும். பக்கங்களை முதலில் மடித்தால் சாஸ் முழங்கை வரை வழியும். கையாலேயே சாப்பிடலாம்.

5. மிச்சக் கறி

எலும்போடு இருப்பதை மிளகு உப்புப் போட்டுப் பொரித்துத் தருவார்கள், அல்லது சூப், நூடுல்ஸ். நம் நாக்குக்கு மிளகு உப்புதான். இதற்குத் தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேளுங்கள்.

பின்சேர்க்கை: பன்றி சாப்பிடாதவர்கள், இதைச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார்கள். வாத்தில் இல்லாவிட்டாலும் சூப்பிலோ தாளிக்கும் கொழுப்பிலோ இருக்கலாம், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். ஹலால் வேண்டுமென்றால் நீங்கள் போகும் கிளைக்கு முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.