'அணை' என்னும் சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறை

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் போன்ற தேயிலைத் தோட்ட நகரில் வாழும் நமக்கு, 'அணை' என்றவுடன் பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து 1963-இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையே நினைவுக்கு வரும். ஆனால் எழுதும்போது அச்சொல் பெயரா வினையா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வினையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தானே நிகழ்வதற்கு 'விளக்கு அணைந்தது' என்றும், ஒருவர் செய்வதற்கு 'அம்மா விளக்கை அணைத்தார்' என்றும் எழுதுங்கள். 'குழந்தையை அணைத்தார்' என்னும்போது அதே வடிவம் தழுவுதலைக் குறிக்கும்; ஆகவே செயப்படுபொருளை விட்டுவிட்டு 'அணைத்தார்' என்று மட்டும் எழுதினால், அடுப்பையா பிள்ளையையா என்று படிப்பவர் விழிப்பார்.

ஒற்றிலும் கவனம் தேவை. 'அணை கட்டினார்கள்' என்பதில் க் மிகாது. 'அணையைக் கட்டினார்கள்', 'அணைக்கட்டு' ஆகியவற்றில் மிகும். தலையணை, பஞ்சணை, அரியணை ஆகியவற்றில் வரும் அணை, சாயவோ அமரவோ உதவும் பொருளையே குறிக்கிறது.

பேச்சில் 'டேம்' என்பதில் தவறில்லை என்பேன். 'டாம்' என்று நீட்டினால் மட்டும், மலாய்மொழியில் அது கட்டங்களில் காய் நகர்த்தும் ஆட்டம் என்பதால், அண்டைவீட்டு மலாய்க்காரர் பலகையோடு வந்துவிடுவார். அவரிடம் அணைக்குரிய மலாய்ச் சொல்லான 'எம்பாங்கான்' என்றே கேளுங்கள்.