கிராம் சாயமேற்றலைத் தேர்வுக்கு முன் கையில் பழக்கிக்கொள்வது எப்படி

மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள், பாக்டீரியாக்களை ஊதா (கிராம் பாசிட்டிவ்), இளஞ்சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றலின் வரிசையை மனப்பாடம் செய்வதில் காட்டும் அக்கறையை அதன் மூன்றாம் படியான நிறநீக்கத்தில் (அசிட்டோனோ ஆல்கஹாலோ ஊற்றிச் சாயத்தை வெளியேற்றுவது) காட்டுவதில்லை. மதுரையில் நான் தேர்வெழுதியபோது, அசிட்டோனை ஊற்றிவிட்டுக் குழாயைத் திறக்கத் தடுமாறிய சில நொடிகளில், ஊதா நிறத்தில் தெரிந்திருக்க வேண்டிய கோளவடிவ பாக்டீரியாக்கள் முழுவதும் இளஞ்சிவப்பாகிப் போயின. அன்றிலிருந்து, தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகே அசிட்டோன் புட்டியைத் தொடுவது என் வழக்கம்.

ஸ்லைடில் தடவும் மாதிரிப் படலமான ஸ்மியர் மெல்லியதாக, அதன் வழியே அச்செழுத்தைப் படிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். அது காற்றில் முழுமையாகக் காய்ந்த பின், ஸ்லைடைச் சுடரின் மேல் மூன்று முறை கடத்தி, ஆறவிடவும். ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலட்டை ஒரு நிமிடமும், கழுவிய பின் அயோடினை ஒரு நிமிடமும் வைக்கவும். சித்திரை வெயிலில், மின்விசிறி சுழலும் ஆய்வகத்தில் சாயம் ஸ்லைடின் மேலேயே வற்றத் தொடங்கிவிடும். அப்படி வற்றிய சாயத்தின் படிவுகள் கோளவடிவ பாக்டீரியாக்களைப் போலவே தெரிந்து ஏமாற்றும் என்பதால், ஸ்மியர் முழுவதும் மூழ்கும் அளவுக்குச் சாயம் ஊற்றுவது நல்லது.

வயலட்டும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகின்றன. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவர், நிறநீக்கியால் நீரிழந்து இறுகி, அந்தக் கூட்டுப்பொருளை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவில் வெளிச்சவ்வின் கொழுப்பு கரைந்துவிட, மெல்லிய சுவரால் சாயத்தைத் தடுக்க முடிவதில்லை. ஆனால் அசிட்டோன் இரண்டு மூன்று நொடிகளைத் தாண்டினால் தடித்த சுவரும் சாயத்தை இழந்துவிடும். ஆல்கஹால் என்றால் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. இறுதியாக இளஞ்சிவப்புச் சாயமான சாஃப்ரனினை அரை நிமிடம் வைத்துக் கழுவி, ஒற்றி உலர்த்தவும்.

கை பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது புளித்த இட்லி மாவு. மாவின் புளிப்பில் முக்கியப் பங்கு வகிக்கும் லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் ஒரு கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா. இரண்டிரண்டாகவும் சிறு சங்கிலிகளாகவும் அமைந்திருக்கும். மாவின் மேல்நீரில் ஒரு துளியை உப்புக்கரைசலில் நீர்க்கச் செய்து ஸ்லைடின் ஒரு முனையிலும், துறையில் கிடைக்கும், கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவான ஈ. கோலையின் வளர்ப்பை மறுமுனையிலும் தடவி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சாயமேற்றவும். ஒரு முனை ஊதாவாகவும் மறுமுனை இளஞ்சிவப்பாகவும் தொடர்ந்து பத்து ஸ்லைடுகளில் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

தேர்வில் தருவது சீழ் என்றால் பாக்டீரியாவைத் தேடும் முன் சீழ்செல்களின் உட்கருவைப் பார்க்கவும். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாகத் தெரிந்தால் நிறநீக்கம் போதவில்லை என்று பொருள், அந்த ஸ்லைடை நம்பி எதையும் எழுதக்கூடாது.

ஆயில் இமர்ஷனில் (எண்ணெய்த் துளியிட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி லென்சில்) கண்டதை மட்டுமே எழுதவும். கொத்தாக ஊதாக் கோளங்கள் தெரிந்தால், 'சீழ்செல்களும் கொத்துகளாக அமைந்த கிராம் பாசிட்டிவ் கோளங்களும் காணப்படுகின்றன' என்பதே சரியான விடை. அவை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான் என்பதை வளர்ப்பும் கோயாகுலேஸ் சோதனையுமே (பிளாஸ்மாவை உறையச் செய்கிறதா எனப் பார்ப்பது) சொல்ல முடியும்; நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்துப் பெயர் சூட்டுவதை வாய்மொழித் தேர்வில் உடனே பிடித்துவிடுவார்கள். பழைய வளர்ப்பில் கிராம் பாசிட்டிவ் ஏன் இளஞ்சிவப்பாகத் தெரியலாம் என்பதற்குச் சுவர் சிதைவையும், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா ஏன் இதில் தெரிவதில்லை என்பதற்குச் செல்சுவரே இல்லாமையையும் விடையாகத் தயாராக வைத்திருக்கவும்.

நுண்ணோக்கியில் தெளிவான காட்சிப் புலம் கிடைத்ததும் ஸ்லைடை நகர்த்தாமல் தேர்வாளரை அழைக்கவும்.