டிரெய்லரில் நிற்கும் படகு: வீட்டில் வேலை பார்க்கும்போது செய்யும் தவறுகள்

படகை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியாயிற்று, இனி அது எங்கே போகப்போகிறது என்றுதான் தோன்றும். டிரெய்லர் வண்டியோடு பூட்டி இழுப்பதற்காகச் செய்தது. பூட்டைக் கழற்றிவிட்டால், பெரும்பாலான டிரெய்லர்கள் இரண்டு சக்கரத்தின் மேல் ஆடும் ஏற்ற இறக்கப் பலகைதான்.

அதனால், வண்டியைக் கழற்றிவிட்டு நேராகப் பின்பக்கம் ஏறுவதைத்தான் முதல் தவறு என்பேன். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் முன்கொக்கியில் இறங்குகிறது. படகும் டிரெய்லரும் சேர்ந்து 800 கிலோ என்றால் முன்னால் இருப்பது 60, 80 கிலோ. எஞ்சின் ஏற்கெனவே பின்னால் தொங்குகிறது. நீங்களும் உதவிக்கு வந்த தம்பியும் எஞ்சின் பக்கம் போய் நின்றால், டிரெய்லரின் முன்கோடியைத் தாங்கும் சின்ன முன்சக்கரம் மெல்லத் தரையை விட்டு எழும்பும். நீங்கள் கவனிப்பதற்குள் பின்பக்கம் 'டங்' என்று தரையில் இடித்திருக்கும். ஏறுவதற்கு முன்பே டிரெய்லர் சட்டத்தின் பின்கோடியில், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டு சட்டத்துக்குத்தான், படகின் அடிவயிற்றுக்கு அல்ல. மண்தரையாக இருந்தால் கீழே கனமான பலகை போடுங்கள். ஒரு மழை பெய்தால் போதும், ஸ்டாண்டு புதைந்துவிடும்.

எஞ்சினைக் கழற்றினால் கதை தலைகீழ். பாரம் முன்னால் வந்து முன்சக்கரத்தை அழுத்தும். அதற்கும் பலகை வேண்டும்.

அடுத்தது விஞ்ச் பட்டை, அதாவது படகின் மூக்கை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் சுற்றுருளையின் பட்டை. பெயின்ட் அடிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை அவிழ்ப்பவர்கள் உண்டு. படகு உட்காரும் இடத்தில் ரோலர் (உருளை) வைத்த டிரெய்லரில் படகு நகர்வதற்குக் கொஞ்சம் சரிவு இருந்தாலே போதும். படகு எளிதாக இறங்கட்டும் என்று தாங்கு கட்டைகளில் சிலிக்கான் ஸ்பிரே அடித்திருந்தாலும் அதே ஆபத்துதான். பட்டையை அவிழ்த்தே தீர வேண்டும் என்றால் படகின் முன்வளையத்தை டிரெய்லரோடு பிணைக்கும் சங்கிலியும் பின்பக்கப் பெல்ட்டுகளும் மாட்டியிருக்க வேண்டும். விஞ்ச் பின்னால் சுழலாமல் தடுக்கும் பல் மட்டும் தாங்கும் என்று நம்பாதீர்கள். பெல்ட்டுகளையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெயிலில் கிடந்து நைந்திருந்தால் தூளாக உதிரும், மாற்றிவிடுங்கள்.

சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுப்பது வேண்டாம், பாரம் ஏறினால் செங்கல் நொறுங்கும். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வையுங்கள். சக்கரம் கழற்ற வேண்டும் என்றால் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல.

அப்புறம் மழை. தார்ப்பாய் குழிந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் 300 லிட்டர் சேர்வது பெரிய விஷயமில்லை. அது 300 கிலோ, அத்தனையும் பின்பக்கம் ஓடி நிற்கும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, அடியில் இருக்கும் வடிகால் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கழற்றிய பிளக்கை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை தண்ணீரில் இறக்கிய பிறகுதான் அது ஞாபகம் வரும்.